ஒரு கல், மூன்று இடங்கள்: ஹில்டன் ஆஃப் காட்போல் பிக்டிஷ் கல்லைப் போய்ப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஈஸ்டர் ராஸ் வட்டாரத்தில், ஹில்டன் (முழுப் பெயர் ஹில்டன் ஆஃப் காட்போல்) என்று ஒரு சின்ன மீனவ ஊர் இருக்கிறது. ஊருக்கு வெளியே கடலை ஒட்டிய புல்வெளியில் இடிந்துபோன ஒரு சிற்றாலயம். அதன் பக்கத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய செதுக்குக் கல் ஒன்று நிற்கிறது. பல பேர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, "1,200 வருஷத்துக் கல்" என்று எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் அங்கே நிற்பது 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட புதுக் கல். பழைய கல்லின் பெரும்பகுதி எடின்பரோவில் இருக்கிறது. அதன் அடித்துண்டு பக்கத்து ஊரான பாலின்டோரில் இருக்கிறது.

ஆகவே இதைப் பார்க்கப் போவதென்றால் ஓர் ஒழுங்கு வேண்டும். என் யோசனை: முதலில் இடம், பிறகு அடித்துண்டு, கடைசியில் எடின்பரோ. தலைகீழாகவும் போகலாம்தான். ஆனால் அருங்காட்சியகத்தில் அழகான சிற்பமாக மட்டும் தெரிவது, மண்ணைப் பார்த்துவிட்டுப் போனால் அடிபட்டு, உடைந்து, இடம் மாறிய ஒரு பொருளாகத் தெரியும். இந்தக் கல்லைப் பொறுத்தவரை அதன் காயங்களும் சிற்பத்தைப் போலவே படிக்க வேண்டியவை.

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பிக்டுகள் என்பவர்கள் இன்றைய ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த மக்கள். ரோமானியர்களின் எழுத்தில் இந்தப் பெயர் முதன்முதலாக கி.பி. 297-இல் வருகிறது. 685-இல், தெற்கே இருந்த ஆங்கில அரசான நார்தம்பிரியாவின் அரசன் எக்ஃப்ரித்தைப் போரில் கொன்று, தெற்கிலிருந்து வந்த படையெடுப்பைத் தடுத்து நிறுத்தினார்கள். 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, பிற்காலத்தில் ஸ்காட்லாந்து ஆன அரசுக்குள் மெல்லக் கரைந்துபோனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற எழுத்து மிகக் கொஞ்சம். அரசர் பட்டியல்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. விட்டுச் சென்றது கல்தான்.

அந்தக் கற்களை மூன்று வகையாகப் பிரிப்பது 1903-இலிருந்து இருக்கும் பழக்கம். முதல் வகை, இழைக்காத பாறையில் குறியீடுகளை மட்டும் கீறியது. இரண்டாம் வகை, இழைத்த பலகைக்கல்லில் ஒரு பக்கம் சிலுவையும், பெரும்பாலும் மறுபக்கத்தில் குறியீடுகளும் புடைப்புச் சிற்பமாக இருப்பது. மூன்றாம் வகையில் சிலுவை உண்டு, குறியீடு கிடையாது. இந்தப் பிரிவை அப்படியே காலவரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பேச்சு வழக்கில் இதுவே ஓடுகிறது. காட்போல் கல் இரண்டாம் வகை. கி.பி. 800-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது.

குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. பிறை, இரட்டை வட்டு, கண்ணாடி, சீப்பு, பாம்பு, மீன், எந்த விலங்கு என்றே சொல்ல முடியாத ஒரு விலங்கு என்று சுமார் 30, 40 உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பெரும்பாலும் ஜோடியாக. ஆட்களின் பெயர்களாக இருக்கலாம் என்பது இன்று வலுவாக இருக்கும் கருத்து. ஆனால் இதுவரை யாரும் படித்துக் காட்டவில்லை. "இந்தக் குறி மரணத்தைக் குறிக்கிறது, அந்தக் குறி நிலவைக் குறிக்கிறது" என்று அடித்துச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள்.

படி 1: ஊருக்குப் போய்ச் சேருவது

இன்வர்னெஸ் நகரம்தான் தொடக்கம். அங்கிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில் ஃபெர்ன் என்ற சின்ன நிலையம் இருக்கிறது; பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலதான், ஆகவே திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். நிலையத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்கு நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கார் இருந்தால் எல்லாமே சுலபம். அக்கம்பக்கத்துப் பிக்டிஷ் இடங்களான ஷாண்ட்விக், நிக், போர்ட்மஹோமக் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கார் இல்லாமல் ஒரே நாள் போதாது.

இது கிட்டத்தட்ட 58 பாகை வட அட்சம். ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காற்று எல்லா மாதமும் உண்டு. கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு போய் நிற்காதீர்கள்.

சிற்றாலயம் இருக்கும் இடம் ஊரின் வடக்கு முனையில், கடலோரப் புல்வெளியில். கட்டணம் கிடையாது. ஹில்டன், பாலின்டோர், ஷாண்ட்விக் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள்; கரையோரமாக நடந்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம்.

படி 2: கல்லை விட்டுவிட்டு, முதலில் தரையைப் பாருங்கள்

இடிந்த கோயில் என்றதும் உயர்ந்த சுவர்களையும் வளைவுகளையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே மிஞ்சியிருப்பது புல் மூடிய மேடுகள். அந்த மேடுகளைச் சுற்றி ஒரு முறை நடங்கள். நீள்சதுரமான ஒரு கட்டடத்தின் வடிவம் காலுக்குக் கீழே புரியும். கன்னி மரியாளின் பெயரில் இருந்த இடைக்காலச் சிற்றாலயம் அது.

இதுதான் பலரும் தவறாக நினைத்துக்கொள்ளும் இடம். கல்லும் கோயிலும் ஒரே காலத்தவை அல்ல. கல் செதுக்கப்பட்டுச் சில நூற்றாண்டுகள் கழித்து எழுந்தது இந்தக் கோயில். 1998-இலும் 2001-இலும் இங்கே அகழாய்வு நடந்தது. 2001-இல், கோயிலின் மேற்குச் சுவருக்கு வெளியே, கல்லின் அடித்துண்டு மண்ணுக்குள் நட்டபடியே கிடைத்தது. அந்தக் குழியையும் சுற்றியிருந்த மண்ணையும் ஆராய்ந்தபோது, கல் அங்கே நிறுத்தப்பட்டது முதல் தடவை அல்ல என்று தெரிந்தது. அதாவது, கல் ஏற்கெனவே ஒரு முறை விழுந்தோ பெயர்க்கப்பட்டோ போன பின், இடைக்காலத்தில் யாரோ அதை மறுபடி தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிக்டுகளின் ஆட்சி போய்ப் பல தலைமுறைகள் ஆன பிறகும் அதை மதித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தின் ஆகச் சுவையான செய்தி இதுதான். வேட்டைக் காட்சியெல்லாம் அப்புறம்.

மண்ணில் எதையாவது பொறுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லிடம். அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதும் தோண்டுவதும் குற்றம். ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கிடைக்கும் தொல்பொருள்கூடக் கண்டெடுத்தவருக்குச் சொந்தமில்லை. அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

படி 3: வேட்டைப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்பது

இப்போது கல்லுக்கு வாருங்கள். நிற்பது, பழைய கல்லைப் பார்த்து பாரி குரோவ் என்ற சிற்பி செதுக்கிய முழு அளவுப் படியாக்கம் (நகல்). புதுக் கல் என்று அலட்சியம் வேண்டாம். பழைய கல்லில் மழுங்கிப்போன பல கோடுகளை இதில் தெளிவாகப் பார்க்கலாம். கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

உச்சியில் தொடங்குங்கள். இரண்டு வட்டுகளை ஒரு பட்டை இணைக்கிறது. அதன் குறுக்கே இரண்டு முறை மடங்கிய ஒரு கோல். இதுதான் இரட்டை வட்டுக் குறியீடு. அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் பெரிய பிறை. பிறையின் மேல், நடுவில் ஒடிந்த அம்பைப் போன்ற ஒரு கோல். பிறைக்குக் கீழே அலங்காரம் நிறைந்த இரண்டு வட்டங்கள். குறியீடுகளின் உள்பகுதியைக் கிட்டத்தில் பாருங்கள்: சுருள்களும் பின்னல்களும் அடர்த்தியாக நிரம்பியிருக்கும். முதல் வகைக் கற்களில் வெறும் கீறல்களாக இருந்த அதே குறிகள் இங்கே ஏட்டுச் சுவடிகளின் அலங்காரத்தை உடுத்திக்கொண்டு வருகின்றன.

நடுக் கட்டம்தான் எல்லோரும் பார்க்க வருவது. இடது மேல்பக்கம் குதிரையில் ஒரு பெண். இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு, பக்கவாட்டில் அமர்ந்து, நேராக நம்மைப் பார்க்கிறாள். மார்பில் பெரிய ஊசி வளையம் ஒன்று, மேலாடையைப் பிடித்தபடி. இந்த வகை ஊசி வளையங்கள் வெள்ளியில் செய்யப்பட்டவை நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. 1958-இல் ஷெட்லாந்தின் செயின்ட் நினியன்ஸ் தீவில் கிடைத்த புதையலில் ஒரு கொத்தே இருந்தது. ஆகவே சிற்பி கண்ணால் கண்ட நகையைத்தான் செதுக்கியிருக்கிறான். அவள் முகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியும் சீப்பும். அவளுக்குப் பின்னால் இன்னொரு குதிரையின் விளிம்புக் கோடு ஒட்டி ஓடுகிறது. கூடவே வரும் ஒருவர் பாதி மறைந்து தெரிகிறார். அவசரமாகப் பார்த்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

வலப்பக்கம் நீண்ட கொம்பு ஊதும் இருவர். கீழே ஈட்டியும் வட்டக் கேடயமும் ஏந்திய குதிரை வீரர்கள் இருவர். அதற்கும் கீழே, பாய்ந்தோடும் மானை இரண்டு பெரிய நாய்கள் பிடிக்கின்றன.

இந்தப் பெண் யார்? குலத்தலைவி என்பார்கள், கன்னி மரியாளின் சாயல் இருக்கிறது என்பார்கள், குதிரைத் தெய்வம் எபோனாவை இழுப்பவர்களும் உண்டு. என் கணிப்பில் முதலாவதுதான் இயல்பு. மற்றவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் காட்டப்பட்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் முழுமுகம் காட்டுகிறாள். கண்ணாடியும் சீப்பும் அவளுக்குச் சொந்தம்போல் ஒட்டி நிற்கின்றன. இந்தக் காட்சியின் நாயகி அவள்தான் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குமேல் பெயர் சூட்டத் தேவையில்லை.

கீழ்க் கட்டத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் பெரிய சுருள்கள். ஒரு சுருளின் நடுவில் விரலை, கல்லைத் தொடாமல், வைத்துக்கொண்டு கோட்டைப் பின்தொடருங்கள். அது அடுத்த சுருளுக்குள் நுழையும்.

விளிம்பை மறந்துவிட வேண்டாம். ஓரமாகத் திராட்சைக் கொடி ஓடுகிறது, அதன் சுருள்களுக்குள் பறவைகளும் விலங்குகளும் கனி கொத்துகின்றன. இந்தக் கொடி தெற்கிலிருந்து, நார்தம்பிரியாவின் கிறித்தவக் கலையிலிருந்து வந்தது. 710-ஐ ஒட்டி பிக்டிஷ் அரசன் நெக்டன், நார்தம்பிரியாவின் மடாதிபதி செயோல்ஃப்ரித்துக்கு ஆள் அனுப்பி, ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறையைக் கேட்டதோடு, கல்லால் கோயில் கட்டத் தெரிந்தவர்களையும் அனுப்பச் சொன்னான் என்று அக்கால வரலாற்றை எழுதிய துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். ஆக, இந்த மூலையில் செதுக்கியவன் வெளியுலகம் தெரியாத ஆள் இல்லை.

படி 4: மறுபக்கம்

சுற்றி வாருங்கள். படியாக்கத்தில் இந்தப் பக்கம் பெரிய சிலுவை. 2000-இல் கல்லை நிறுத்தியபோது இந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது, ஏனென்றால் மூலத்தில் என்ன இருந்தது என்று அப்போது தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் 17-ஆம் நூற்றாண்டு. அலெக்ஸாண்டர் டஃப் என்பவருக்குக் கல்லறைப் பலகையாக்க, சிலுவைப் பக்கத்தை முழுவதும் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு கேடயச் சின்னமும், 'நன்றாக வாழ்பவன் நன்றாகச் சாகிறான்' என்று சாலமோன் சொன்னதாக ஒரு வாசகமும், டஃபும் அவருடைய மூன்று மனைவியரும் இங்கே கிடக்கிறார்கள் என்ற வரியும், 1676 என்ற ஆண்டும் பொறித்தார்கள்.

கொத்தியவர்கள் குப்பையை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. கோயில் ஓரத்திலேயே விழுந்த சில்லுகள் அப்படியே மண்ணுக்குள் போய்விட்டன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அகழாய்வில் ஆயிரக்கணக்கான செதுக்குத் துண்டுகளாக அவை வெளியே வந்தன. பல துண்டுகள் விரல் நகம் அளவுதான். அவற்றை வைத்துத்தான் சிலுவைப் பக்கத்தின் தோற்றத்தை ஓரளவு ஊகிக்க முடிந்தது. குரோவ் அதன் பிறகு இந்தப் பக்கத்தைச் செதுக்கினார். எனவே இங்கே நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு சான்று, ஒரு பங்கு கைவினைஞரின் யூகம். வேட்டைப் பக்கத்தை நம்புவதுபோல இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

படி 5: வெளிச்சமும் கேமராவும்

புடைப்புச் சிற்பத்துக்கு உச்சி வெயில் எதிரி. நேர் வெளிச்சத்தில் கல் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரத்தில் நில்லுங்கள். மேகமூட்டமாக இருந்தால் ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பரப்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்து, மெல்ல நகர்த்துங்கள். வட்டுகளுக்குள் இருக்கும் பின்னல் அப்போதுதான் எழுந்து வரும். ஒளியை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் காட்டினால் சில கோடுகள் மறைந்தே போகும். குறைந்தது இரண்டு பக்கமிருந்து பாருங்கள்.

முப்பரிமாண மாதிரி செய்ய விரும்பினால் மேகமூட்டம்தான் நல்லது, நிழல் விழாது. கைபேசியே போதும். கல்லைச் சுற்றி வந்தபடி, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் பகுதியைத் திரும்பக் காட்டுமாறு எடுங்கள். இரண்டு மூன்று உயரங்களில் சுற்றுங்கள். அளவுக்கு ஒரு ஸ்கேலைத் தரையில் வையுங்கள். மாதிரி தயாரானதும் கணினியில் நிறத்தை நீக்கிவிட்டு, வெறும் வடிவத்தின்மேல் ஒளியைச் சுழற்றிப் பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை: சாக்பீஸால் கோடுகளை நிரப்புவது, தாள் வைத்துத் தேய்த்து எடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, பாசியைச் சுரண்டுவது. இது படியாக்கம்தானே என்று தோன்றலாம். ஆனால் இங்கே பழகிய கை மற்ற ஊர்களின் பழைய கற்களிலும் அதையே செய்யும்.

படி 6: பாலின்டோரில் அடித்துண்டு

கரையோரமாகப் பாலின்டோருக்கு நடந்தால் சீபோர்டு நினைவு மண்டபம். 2001-இல் கிடைத்த அடித்துண்டு அங்கே இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இது ஊர்ப் பொது மண்டபம்.

துண்டு சின்னதுதான். ஆனாலும் இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் இருந்ததால் 1676-இன் உளி இதைத் தொடவில்லை. சிலுவையின் படிகள் வைத்த அடிப்பீடம் இதில்தான் மிஞ்சியிருக்கிறது. மேலே அழிந்துபோன பக்கத்தின் செதுக்கு எவ்வளவு கூர்மையாக இருந்திருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தத் துண்டு கிடைத்தபோது அது எங்கே போக வேண்டும் என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. மேல்பகுதி எடின்பரோவில் இருக்கும்போது அடியும் அங்கேதானே சேர வேண்டும் என்பது ஒரு தரப்பு. ஏற்கெனவே ஒரு முறை கொண்டுபோய்விட்டீர்கள், இது ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது ஊர்மக்கள் தரப்பு. ஆய்வு வசதி என்ற கோணத்தில் முதல் தரப்புக்கு வலு உண்டு. ஆனாலும் அடித்துண்டு இங்கே இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் இந்த ஊரில் 800-ஆம் ஆண்டின் கை பட்ட கல் எதுவும் மிஞ்சியிருக்காது.

படி 7: நேரம் இருந்தால், அக்கம்பக்கம்

ஷாண்ட்விக் கல்லைத் தவற விடாதீர்கள். அது இன்னும் தன் ஊரிலேயே, கடலைப் பார்த்தபடி மேட்டில் நிற்கிறது. 1846-இல் புயலில் விழுந்து உடைந்தது. இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கும் என்பதால் படம் எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். சிலுவை முழுக்கக் குமிழ்கள். மறுபக்கத்தில் இரட்டை வட்டு, பெயர் தெரியாத அந்த விலங்கு, நெருக்கமான சுருள்கள்.

நிக் ஊரின் பழைய கோயிலுக்குள் இன்னொரு கல். அதன் உச்சியில் பாலைவனத் துறவிகள் பவுலும் அந்தோனியாரும் குனிந்திருக்க, காகம் அப்பத்தோடு இறங்குகிறது. சிற்ப நுணுக்கத்தில் மூன்றிலும் இதுதான் உச்சம் என்பது என் அபிப்பிராயம். கப்பல் உடைந்து இறந்த டென்மார்க் இளவரசர்கள் மூவருக்கு எடுத்த கற்கள் இவை மூன்றும் என்று இந்தக் கரையில் ஒரு பழங்கதை உண்டு.

வடக்கே போர்ட்மஹோமக்கில் 1994 முதல் 2007 வரை நடந்த அகழாய்வில் ஒரு பிக்டிஷ் மடமே வெளிப்பட்டது. கன்றுத் தோலில் ஏடு தயாரித்த பட்டறை, உலோக வேலை, உடைத்துப் போடப்பட்ட 200-க்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள், 800-ஐ ஒட்டி எரிந்த தடம். காட்போல் கல்லின் சுருளும் பின்னலும் ஏட்டு அலங்காரத்தை ஏன் நினைவூட்டுகின்றன என்பதற்கு விடை இங்கே கொஞ்சம் கிடைக்கும். பழைய கோயில் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

படி 8: எடின்பரோ

1860-களில் கல்லை இன்வர்கார்டன் கோட்டைத் தோட்டத்துக்கு அலங்காரமாகக் கொண்டுபோனார்கள். 1921-இல் அதன் சொந்தக்காரர்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் கிளம்பிய எதிர்ப்பில் அதே ஆண்டு எடின்பரோவுக்குத் திரும்பியது. இன்று சேம்பர்ஸ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம், வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை.

முன்னால் நின்றதும் உயரத்தைக் கவனியுங்கள். இருப்பது சுமார் 2.3 மீட்டர், அதோடு பாலின்டோரில் பார்த்த அடியை மனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு படியாக்கத்தில் பழகிய வரிசையிலேயே மேலிருந்து கீழே வாருங்கள். எங்கே கோடு மழுங்கியிருக்கிறது, எங்கே சிற்பி குரோவ் தெளிவாக்கிக் காட்டியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். பெண்ணின் பின்னால் வரும் துணையாளரை மூலத்திலேயே தேடிப் பாருங்கள்.

கடைசியாகப் பின்பக்கம் போங்கள். பெரும்பாலோர் போவதில்லை. டஃபின் வாசகம், கேடயம், 1676. அந்த எழுத்துகளுக்கு இடையில் உள்ள வெறும் பரப்பின் மேல் பார்வையைச் சாய்வாக ஓட்டினால் உளி போன தடங்கள் தெரியும். ஹில்டன் மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடைத்த சில்லுகள் பெயர்ந்தது இந்தப் பரப்பிலிருந்துதான்.